இரட்டைப் பிள்ளைகளும் இந்தி ரயிலும்

1988 ஜூன் 11, சனி

காலை. முதல் சாரல். வெயில் எட்டிப் பார்த்ததோடு சரி. மெயினருவியில் ஆண்கள் பக்கம் நிற்க இடமில்லை. சீசன் என்றால் இதுதான் சீசன்.

(இது போன வருஷத்து டைரி. உரக்கடையில் ஓசியில் கொடுத்தது, எழுதாமல் கிடந்தது. கிழமையை அடித்து அடித்து எழுத வேண்டியிருக்கிறது. தாள் நல்ல தாள்.)

குற்றாலம் பஸ் ஸ்டாண்டில் இன்று இறங்கியவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ரூம் பிடித்துக் கொடுத்தது நான்தான். மற்ற புரோக்கர்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மதுரைக்காரர் ஒருவர், குடும்பத்தோடு. ஜன்னலைத் திறந்தால் அருவி தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். திறந்தார். தென்னந்தோப்பு. "அதுக்குப் பின்னாலதான் இருக்கு. சத்தம் கேக்குது பாத்தியளா" என்றேன். காதைக் கொடுத்துக் கேட்டார். திருப்தி. தொழிலில் இதுதான் வேணும்.

மாலை. மேலகரம் திரும்பி, தங்கச்சி பேச்சி வீட்டில் எட்டிப் பார்த்தேன். அடுப்பு பற்றவைக்கவில்லை. விஷயம்: அவளுடைய இரட்டைப் பிள்ளைகளுக்குள் பேச்சு வார்த்தை கிடையாது. பள்ளிக்கூடம் திறந்த நாளிலிருந்து இதே கதை.

பெண்பிள்ளை குழல்வாய்மொழி. குழலி என்று கூப்பிடுவோம். கால் மணி நேரம் மூத்தவள். ஐந்தாம் வகுப்பில் பாஸ். இப்போது ஆறாம் வகுப்பு, தென்காசியில் பெரிய பள்ளிக்கூடம், நீலப் பாவாடை, பஸ்ஸில் போய்வருகிறாள். பையன் குற்றாலிங்கம். லிங்கம். கணக்கில் பெயில். இங்கே மேலகரத்திலேயே மறுபடி ஐந்தாம் வகுப்பு. பெயர் வைத்தது நான்தான். குற்றாலத்துக் கோயிலில் சாமிக்கும் அம்மனுக்கும் என்ன பெயரோ அதையே வைத்தேன். அங்கே அது புருஷன் பெண்டாட்டி, இங்கே அக்கா தம்பி என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை. நானும்தான்.

லிங்கம் இந்த வாரம் ஒரு நாள் கூடப் பள்ளிக்கூடம் போகவில்லை. இனியும் மாட்டானாம். மூலையில் சாக்குமேல் படுத்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டு சொன்னான்: "சின்னப்பயலுவ கூட உக்காரச் சொல்லுதாவ. நான் போவல."

பேச்சி என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டு, "அண்ணே, நீங்கதான் எதாவது செய்யணும். அவிய பயல ஒர்க் ஷாப்புல விட்டுருவேங்காவ" என்றாள்.

அவிய என்றால் அவள் புருஷன், மாப்பிள்ளை ஆறுமுகம். இலஞ்சியில் ஒரு தோப்புக்காரருக்கு டிராக்டர் ஓட்டுகிறார். ஆலங்குளத்தில் லாரி ஒர்க் ஷாப் வைத்திருக்கும் சிநேகிதர் ஒருவர் உண்டு. படிப்பு ஏறாத பிள்ளை கையில் ஸ்பேனரைக் கொடு என்பது மாப்பிள்ளையின் கட்சி. பயலுக்குப் பத்து வயசு.

"விடுட்டி. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

எப்படிப் பார்த்துக்கொள்வேன் என்பது சொல்லும்போது எனக்கே தெரியாது. வீட்டுக்கு நடந்து வரும் வழியில் தெரிந்துவிட்டது. மில் வீட்டு டிவி.

ஜூன் 12, ஞாயிறு

சாரல் விட்டுவிட்டு. ஷேவிங். வெள்ளை வேட்டி.

எங்கள் தெருவுக்கு டிவி ஒன்றுதான். ரைஸ்மில் அண்ணாச்சி வீட்டு ஹாலில். ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரு மொத்தமும் அங்கே. மில் வீட்டு அக்கா (இனிமேல் மி.வீ.அ. என்று எழுதுகிறேன், கை வலிக்கிறது) வாசலில் சாக்கை விரித்துப் போட்டு, காலைத் துடைக்காதவன் யாரானாலும் உள்ளே விடமாட்டாள். வருவதெல்லாம் இந்திப் படம். ஆகவே நான் இல்லாமல் டிவி ஓடாது. நான் பம்பாயில் இருந்தவன். ஆவோ, ஜாவோ, கித்னா, பானி, கமரா, எல்லாம் தண்ணி பட்ட பாடு. டிவிக்கு வலது பக்கம் எனக்கு ஒரு ஸ்டூல். அவர்கள் பேசப் பேச நான் தமிழில் சொல்ல வேண்டியது. போன மாதம் ஒரு நாள் நான் வரத் தாமதம், அக்கா படத்தை நிறுத்த முடியுமா என்று அண்ணாச்சியிடம் கேட்டாளாம்.

பிள்ளைகளுக்கென்று ரயில் பற்றிய தொடர் ஒன்று புதிதாகப் போடுகிறான். ஒவ்வொரு கதைக்கும் ஒரு ரயில், சில கதை இரண்டு வாரம் ஓடும். இந்த வாரம் இரட்டைப் பிள்ளைகள் வருவதாகப் போன வாரமே முன்னோட்டம் காட்டினான். ஒரு பையன், ஒரு பெண். என் திட்டம்: படத்தில் அதுகள் சண்டை போட்டுச் சேரும். நம் பிள்ளைகள் இரண்டும் பார்க்கும். வெட்கப்பட்டுச் சேரும். பேச்சி வீட்டில் சாயங்காலம் பாயசம்.

இரண்டையும் கூட்டிப் போனேன். குழலி ஜன்னல் பக்கம். லிங்கம் தூண் பக்கம். நடுவில் தெரு.

படம்: பனி மலை. பொம்மை மாதிரி சின்ன ரயில். அப்பா ஸ்டேஷன் மாஸ்டர். பச்சைக் கொடியை யார் காட்டுவது என்று இரண்டுக்கும் இழுபறி.

நான் ஆரம்பித்தேன். "கொடியத் தாலே, நான்தான் மூத்தவங்கா. கால் மணி நேரம் மூத்தா நீ என்ன கலெக்டராங்கான்."

ஹால் சிரித்தது. மி.வீ.அ. தோள் குலுங்கச் சிரித்தாள். ஹால் சிரித்துவிட்டால் என் நாக்கு எனக்குக் கட்டுப்படாது, அது தனியாக ஓடும். படத்தில் அந்தப் பெண் விரலை நீட்டி நீளமாக ஏதோ சொன்னது. நான் சொன்னேன்: "கணக்குல முட்டை வாங்குன பயலுக்குக் கொடி ஒரு கேடாங்கா."

தெருவே திரும்பி லிங்கத்தைப் பார்த்தது. அப்புறம் சிரித்த சிரிப்பில் டிவி சத்தம் கேட்கவில்லை. குழலி மட்டும் சிரிக்கவில்லை. லிங்கம் எழுந்து, உட்கார்ந்தவர்கள் மடிமேலும் கால்மேலும் மிதித்துக்கொண்டு வெளியே போனான். அதே நேரம் படத்துப் பையனும் கோபித்துக்கொண்டு ஒரு கூட்ஸ் பெட்டியில் ஏறிவிட்டான். ரயில் எடுத்துவிட்டது. அந்தப் பெண் கொடியோடு பிளாட்பாரத்தில் ஓடியது. தொடரும் என்று எழுத்துப் போட்டுவிட்டான்.

"சேரலையா?" என்று பேச்சி கேட்டாள்.

"அடுத்த வாரமாம்" என்றேன்.

படம் நல்ல படம். நானும் நன்றாகத்தான் சொன்னேன். அந்த முட்டை மட்டும் வேண்டாம்.

ஜூன் 13, திங்கள்

மழை. லிங்கம் நேற்று ராத்திரி சாப்பிடவில்லை. புத்தகங்களை எல்லாம் ஒரு சணலால் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டான். முடிச்சு எப்படிப்பட்ட முடிச்சு என்றால் ஆறுமுகம் மாப்பிள்ளையே அவிழ்க்கமுடியாது என்றார். அதில் அவருக்கு ஒரு பெருமை வேறு. "பாத்தியளா மச்சான், கை வேலைக்குத்தான் பொறந்திருக்கான்." அடுத்த திங்கள் காலை ஆலங்குளத்துக்காரர் வந்து கூட்டிப் போகிறாராம். பேசி முடித்துவிட்டார்.

நான் விடுவேனா. நேராக ஹெட்மாஸ்டரைப் பார்த்தேன். எனக்கும் அவருக்கும் நல்ல பழக்கம். (அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. நாற்காலி ஒன்றுதான் இருந்தது.) பயலுக்குக் கடுமையான காய்ச்சல், திருநெல்வேலி டாக்டரே ஒரு வாரம் அசையக்கூடாது என்றிருக்கிறார் என்றேன்.

"போன வாரம் தேள் கொட்டிட்டுன்னு சொல்லி அனுப்பினீங்களே" என்றார்.

"தேள் கொட்டித்தான் சார் காய்ச்சல்."

அவர் ரிஜிஸ்டரைப் புரட்டினார். "அடுத்த திங்கள் வரைக்கும் பேரை வச்சிருக்கேன். அன்னைக்கும் வரலன்னா எடுத்துருவேன். எனக்கும் மேல பதில் சொல்லணும்லா."

ஆக எல்லோருக்கும் அந்தத் திங்கள்தான்.

நான் படித்தது அந்தக் காலத்து ஐந்தாம் வகுப்பு. இப்போதைய பி.ஏ.வுக்குச் சமம். அதை வைத்தே நான் இந்தக் குற்றாலத்தை ஆள்கிறேன். ஆனாலும் ஒர்க் ஷாப் பிள்ளைகளை நான் ஆலங்குளத்தில் பார்த்திருக்கிறேன். லாரிக்கு அடியிலிருந்து கால் மட்டும் வெளியே தெரியும். சின்னக் கால்.

ஜூன் 15, புதன்

கா. சாரல், காற்று. லிங்கம் என்னோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தான். வீட்டில் இருந்தால் அம்மா அழுகிறாளாம். பூட்டின கடைப் படியில் உட்காரவைத்து மங்குஸ்தான் பழம் வாங்கிக் கொடுத்தேன். ஓட்டுக் கறை சட்டையெல்லாம். பேச்சி என்னைத் திட்டுவாள்.

பஸ் ஸ்டாண்டில் காதில் விழுந்தது. ஒரு கிழவர் கண்டக்டரிடம்: "அருவிக்குப் போற பஸ்ஸா?" கண்டக்டர்: "அருவி வரைக்கும்தான் போவும், உள்ள போவாது." நல்ல பதில். நானும் ஒரு நாள் உபயோகிக்க வேண்டும்.

கூட்டம் குறைந்ததும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏலே, அவ பெயிலுன்னு கேலி பண்ணதுக்கா இம்புட்டு?"

"அவ கேலி பண்ணல. மறைச்சிட்டா மாமா."

"என்னத்த மறைச்சா?"

பழத்தைத் தின்று முடித்துக் கையை டவுசரில் துடைத்தான். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். மூன்றாம் வகுப்பிலிருந்தே இரண்டுக்கும் ஒரு ஏற்பாடாம். இவனுக்குப் படம் வரைய வரும். பூகோளப் பரீட்சையில் இரண்டு பேருடைய தாளிலும் தமிழ்நாடு, ஆறு, மலை எல்லாம் இவன் கை. அவளுக்குக் கணக்கு வரும். அவள் போட்டுவிட்டுத் தாளைச் சாய்த்து வைத்துக்கொள்வாள். இவன் பார்த்து எழுதுவான். இந்த வருஷ முழுப்பரீட்சையில் முதல் நாள் பூகோளம். இவன் வரைந்து கொடுத்துவிட்டான். மறுநாள் கணக்கு. அவள் கையை மடக்கித் தாள்மேல் வைத்துக்கொண்டாள்.

"கூப்ட்டுப் பாத்தியா?"

"கால வச்சு மிதிச்சேன். திரும்பல."

பத்து வயசில் இப்படி ஒரு கூட்டு வியாபாரம். எனக்கு உள்ளூரப் பெருமை. வெளியே முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டேன்.

"அதை அப்பாட்ட சொல்லியிருக்கலாம்லலே?"

"சொன்னா அவளும் பெயிலுதான" என்றான்.

ஒரு நாகர்கோவில் வண்டி வந்தது. நான் எழுந்திருக்கவில்லை. இரண்டு குடும்பம் கைவிட்டுப் போயிற்று. போகட்டும்.

ஜூன் 16, வியாழன்

மா. மேலகரம் ஸ்டாப்பில் குழலி பஸ்ஸைவிட்டு இறங்கினாள். பை அவளைவிடப் பெரியது. வாங்கிக்கொண்டேன். கொஞ்ச தூரம் நடந்தோம். அப்புறம் அவளாகவே:

"மாமா, அடுத்த வாரம் படத்துல ரெண்டு பேரும் சேந்துக்கிடுமா?"

"கண்டிப்பா."

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"இந்தி தெரிஞ்சவனுக்கு முன்கூட்டியே தெரியும்ட்டி."

"அந்தப் பிள்ள முட்டைன்னு சொல்லல மாமா."

"மொழிபெயர்ப்புன்னா முன்னப்பின்ன இருக்கும்."

"அந்தப் பிள்ள வாய மூடுன பொறவும் நீங்க பேசிக்கிட்டே இருந்திய."

வயல் ஓரமாகக் கொக்கு நின்றது, அதைக் காட்டினேன். அவள் பார்க்கவில்லை. தம்பி பஸ் ஸ்டாண்டில் என்ன செய்தான், சாப்பிட்டானா, யாரோடு பேசினான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். மங்குஸ்தான் எத்தனை என்பதுவரை. கையை வைத்து மறைத்தது பற்றி நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தப் பையையும் என்னிடமிருந்து பிடுங்கியிருப்பாள்.

செய்ய வேண்டியது:
லாட்ஜ் மேனேஜரிடம் மாடி ரூம் இரண்டு சொல்லிவைக்க.
குடை கம்பி.
ஞாயிறு. லிங்கத்தை எப்படியாவது மி.வீ. கூட்டிப்போக. இந்த முறை கதையை ஒழுங்காகச் சொல்ல. சிரிப்பு வேண்டாம். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்கும்படி சொல்ல. அதைப் பையன் ஏற்றுக்கொள்ளும்படி சொல்ல. நடுவில் படிப்பைப் பற்றி இரண்டு வரி.

ஜூன் 18, சனி

குற்றாலத்துக்கே என்னால்தான் இன்று மரியாதை. தென்காசியிலிருந்து பஸ்மேல் பஸ். மழையில் நின்று மூன்று பாஷையில் கூவினேன். தமிழ், மலையாளம், இந்தி. "கமரா, கமரா" (ரூம், ரூம்) என்றதும் ஒரு வடக்கத்திக் கூட்டமே என்னைச் சுற்றிக்கொண்டது. நாற்பது பேர். (சரி, ஒன்பது.) மத்தியானம் தொண்டை கட்டியது. மூன்று மணிக்குக் காற்று மட்டும் வந்தது. இப்போது அதுவும் இல்லை.

வீட்டுக்காரி மிளகும் பனங்கற்கண்டும் போட்டுப் பால் கொடுத்தாள். "இன்னைக்குத்தான் வீடு வீடா இருக்கு" என்றாள். சந்தோஷத்தை மறைக்கக்கூட இல்லை.

நாளைக்கு நான் பேசியாக வேண்டும். இன்னும் இரண்டு டம்ளர் பால்.

பேச்சி வந்து சொல்லிவிட்டுப் போனாள். பையனுடைய சட்டை இரண்டு, டவுசர் இரண்டு, ஒரு பையில் மாப்பிள்ளையே எடுத்து வைத்துவிட்டாராம். ஆலங்குளத்துக்கு.

ஜூன் 19, ஞாயிறு

எழுத நிறைய இருக்கிறது. வரிசையாக எழுதுகிறேன்.

கா. பெருங்காற்று, சாரல். தொண்டை சுத்தமாகப் போயிற்று. ஒரு எழுத்து வரவில்லை. லிங்கமும் மில் வீட்டுக்கு வரமாட்டேன் என்று படுத்துவிட்டான். என் திட்டத்துக்கு இரண்டு காலும் போயிற்று. ஆனாலும் வெள்ளை வேட்டி கட்டிப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். குழலி, பேச்சி, மாப்பிள்ளை ஆறுமுகம் எல்லோரும் முன்னாலேயே அங்கே. மாப்பிள்ளை சாதாரணமாக டிவி பார்க்க வரமாட்டார். மழைக்கு டிராக்டர் இறங்கவில்லை.

டிவியில் புள்ளியும் கோடும். மொட்டைமாடியில் ஆன்டனா காற்றில் சுற்றுகிறது. யாராவது மேலே நின்று பிடித்துக்கொண்டால்தான் படம் நிற்கும். எப்போதும் பிடிக்கிற மில் ஆள் ஊருக்குப் போய்விட்டான். மி.வீ.அ. வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்து ஒரு குரல்: "ஏலே லிங்கம், செத்த வந்து கம்பத்தப் பிடிலே."

அவள் கூப்பிட்டு வராத ஆள் மேலகரத்தில் பிறக்கவில்லை. லிங்கம் வந்தான். மழைக்குச் சாக்கை மடித்துக் கொங்காணியாகத் தலையில் மாட்டிக்கொண்டு, ஹாலுக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல், வெளிப்படி வழியாக மேலே ஏறிவிட்டான். ஹாலுக்கு நேர் மேலே கம்பி போட்ட ஒரு திறப்பு உண்டு. வெளிச்சத்துக்காக விட்டது, மழைக்குப் பாதி மூடியிருக்கும். ஆன்டனா பேச்சு வார்த்தை எல்லாம் அதன் வழியாகத்தான்.

"தெரியுதா?"

"இன்னும் கொஞ்சம் மலைப் பக்கம்."

"இப்ப?"

"இப்ப ரெண்டு ரயில் தெரியுது."

"இப்ப?"

"அப்பிடியே நில்லு. மூச்சு விடாத."

படம் வந்துவிட்டது. அதே பனி மலை. கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருக்கிறது. பையன் ஒரு பெட்டியில் பால் கேன்களுக்கு நடுவில். பெண் ஸ்டேஷனில் கொடியோடு. அதன் வாய் அசைகிறது.

"அண்ணாச்சி, சொல்லுங்க. என்ன சொல்லுது?" என்று நாலு பக்கமும் என்னைப் பார்த்துக் குரல்.

நான் வாயைத் திறந்தேன். கதவு கீல் சத்தம் மாதிரி ஒன்று வந்தது. தெரு முழுக்க ஏமாற்றம். நான் டிவியில் வராமல் போனதுபோல.

குழலி எழுந்தாள். "நான் சொல்லுதேன்."

"ஒனக்கு எப்பிடிட்டி இந்தி தெரியும்?" என்றாள் மி.வீ.அ.

"மாமா சொல்லிக் குடுத்தாவ."

நான் பலமாகத் தலையை ஆட்டினேன். அந்த நேரத்தில் அப்படி ஒரு பொய் முகம் மாறாமல் வருகிறதென்றால் அது என் ரத்தம். சந்தேகமே இல்லை.

டிவி பக்கத்தில் வந்து நின்றாள். ஆனால் டிவியைப் பார்க்கவில்லை. மேலே, அந்தக் கம்பித் திறப்பைப் பார்த்துச் சொன்னாள். சத்தமாக. பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிக்கிற மாதிரி.

"இவ சொல்லுதா. இது கொடிச் சண்ட இல்ல. கொடி சும்மா. அதுக்கு முன்னாலயே சண்டங்கா."

"முன்னால என்ன?" என்றது ஹால்.

"பரீட்ச."

பின்னாலிருந்து எங்கள் தெருத் தையல்காரர்: "ரயில்ல ஏதுட்டி பரீட்ச?"

"ரயில்வே பரீட்ச" என்றாள். அவர் அடங்கிவிட்டார்.

"ரெண்டு பேருக்கும் சேத்து அவன் படம் வரைவான். ரெண்டு பேருக்கும் சேத்து இவ கணக்குப் போடுவா. அவன் வரைஞ்சு குடுத்துட்டான். மறுநாளு இவ கைய வச்சு மறைச்சிட்டா."

படத்தில் ரயில் குகைக்குள் போயிற்று. யாரும் ரயிலைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை ஆறுமுகம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எதுக்கு மறைச்சாளாம்?" மி.வீ.அ. கேட்டாள். அவளுக்குக் கதை பிடித்துவிட்டது.

"பாத்து எழுதுனா ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிருவேன்னு சாரு சொல்லிட்டாவ. பெரிய பள்ளிக்கூடத்துல சேக்க மாட்டாவன்னு இவ பயந்துட்டா. தெரியாம மறைக்கல. தெரிஞ்சுதான் மறைச்சா."

சொல்லி முடிக்கவும் படம் போயிற்று. ஒரே புள்ளி. மழை பெய்கிற மாதிரி இரைச்சல்.

"ஏலே லிங்கம், திருப்புலே." "தூங்கிட்டானா?" "மலைப் பக்கம், மலைப் பக்கம்." மேலேயிருந்து பதில் இல்லை.

அவன் வாசலில் நின்றான். சாக்கிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது. காலைத் துடைக்கவில்லை. மி.வீ.அ. வாயைத் திறந்தாள், அப்புறம் என்ன நினைத்தாளோ, மூடிக்கொண்டாள்.

"அவன் அதுக்குக் கோவப்படல" என்றான்.

குழலி அவன் பக்கம் திரும்பினாள். "பொறவு எதுக்காம்?"

"வீட்டுக்கு வந்த பொறவு. எல்லாரும் மக்குன்னு சொன்னாவ. மாட்டு மூளைன்னாவ. அவன் ரெண்டு பேருக்கும் வரைஞ்சது இவளுக்குத் தெரியும்லா. ஒரு வார்த்த சொல்லல. சாப்ட்டுக்கிட்டே இருந்தா."

மாட்டு மூளை என்று சொன்னது மாப்பிள்ளை. தெருவுக்கே தெரியும், அவர் மெதுவாகப் பேசுகிற ஆள் இல்லை.

குழலி ஒரு அடி முன்னால் வந்தாள். விடவில்லை. "இப்ப சொல்லிட்டால்லா. இவ்ளோ பேரு முன்னால."

"சொல்லிட்டா" என்றான்.

"இவ கேக்கா, ரயிலு எப்ப திரும்புமாம்?"

லிங்கம் தலையிலிருந்த சாக்கை எடுத்தான். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். "எப்பமோ திரும்பிட்டு. ஸ்டேஷன்ல யாரும் கூப்புடல. அதான் எறங்கல."

அவள் போய் அந்தச் சாக்கை வாங்கிக்கொண்டாள். அவ்வளவுதான். கட்டிப்பிடித்து அழுவது எல்லாம் இல்லை. ஜன்னல் பக்கம் போய் இரண்டும் உட்கார்ந்துகொண்டன. இடம் ஒருவருக்குத்தான் இருந்தது.

மி.வீ.அ. மூக்கைச் சிந்தினாள். தையல்காரர், "நல்ல படம். இந்திக்காரன் இந்திக்காரன்தான்" என்றார்.

டிவி இன்னும் புள்ளிதான். மாப்பிள்ளை ஆறுமுகம் எழுந்தார். யாரையும் பார்க்கவில்லை. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வெளிப்படி ஏறி மேலே போனார். கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து அவர் குரல். "தெரியுதா?"

பேச்சி சொன்னாள்: "தெரியுதுங்க."

தெரிந்தபோது ஒரு பெண் வாஷிங் பவுடர் டப்பாவைக் காட்டிக்கொண்டிருந்தாள். ரயில் முடிந்துவிட்டது. அந்தப் பனிமலைப் பிள்ளைகள் எப்படிச் சேர்ந்தன, சேர்ந்தனவா இல்லையா, எனக்குத் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை. மாப்பிள்ளை அதன் பிறகும் ரொம்ப நேரம் கீழே இறங்கவில்லை. மழையில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வெளியே வரும்போது மி.வீ.அ. என்னிடம்: "அண்ணாச்சி, தப்பா நெனைக்காதிய. ஒங்க மருமவ ஒங்கள விட நல்லா சொல்லுதா."

தொண்டை இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

ஜூன் 20, திங்கள்

கா. சாரல் இல்லை. மலை முழுதாகத் தெரிகிறது. தொண்டை கால்வாசி.

இன்று தொழிலுக்குப் போகவில்லை. விடிந்ததும் பேச்சி வீடு. ஆலங்குளத்துக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார். நல்ல மனுஷன், பயலுக்கென்று ஒரு பொட்டலம் சேவு வாங்கி வந்திருந்தார். மாப்பிள்ளை வாசலில் நின்று சொன்னார்: "இல்லண்ணே. பய பள்ளிக்கூடம் போறான். படம் நல்லா வரைவான்." அவருக்கு ஒன்றும் புரியவில்லை. படத்துக்கும் இதுக்கும் என்ன என்று என்னைப் பார்த்தார். நான் விளக்க ஆரம்பித்தேன், பாதியில் குரல் போய்விட்டது. சேவைக் கொடுத்துவிட்டுப் போனார்.

பரண்மேல் முடிச்சு அவிழவில்லை. மாப்பிள்ளை அரிவாளால் அறுத்தார்.

லிங்கம் தலை சீவி, சட்டை போட்டு, தெருமுனை வரைக்கும் வந்தான். அங்கே நின்றுவிட்டான். ஐந்தாம் வகுப்புப் பயல்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள், இவன் இடுப்பு உயரம். (நெஞ்சு உயரம்.) அதில் ஒன்று, "பெயிலு வருதான்" என்றது. இவன் திரும்பி வீட்டைப் பார்த்தான்.

தென்காசி பஸ் வந்தது. ஸ்டாப்பில் நின்ற குழலி அதை நிறுத்தக் கையை நீட்டவில்லை. பஸ் போயிற்று. தம்பியின் பையை வாங்கித் தன் பைமேல் மாட்டிக்கொண்டு மேலகரம் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். பை போகிறதே என்று இவனும் பின்னால் போனான். நானும் போனேன், கொஞ்சம் தள்ளி.

வகுப்புக்குள் அவளே முதலில் போனாள். கடைசிப் பலகையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் அவன். நீலப் பாவாடை ஒன்று, காக்கி டவுசர் ஒன்று, சுற்றிலும் பொடிசுகள். நான் ஜன்னலுக்கு வெளியே.

வாத்தியார் வந்தார். "நீ பாஸாச்சே. இங்கன என்ன?"

"பஸ் போயிட்டு சார்."

"அதுக்கு?"

அவள் பலகையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வாத்தியார் என்ன செய்வதென்று தெரியாமல் சாக்பீஸைத் தேடினார்.

லிங்கம் மெதுவாகச் சொன்னான்: "நீ கெளம்புட்டி. அடுத்த பஸ்ஸும் போயிரும்."

"நீ?"

"நான் இருக்கேன்."

எழுந்து வந்தாள். வாசலில் என்னைத் தாண்டிப் போனாள், பார்க்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டம்.

வாத்தியார் பேர் வாசித்தார். ஒவ்வொரு பொடிசும் கூரை கிழியக் கத்துகிறது. அப்புறம், "குற்றாலிங்கம்."

வாத்தியார் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை, காத்திருந்தார்.

"உள்ளேன் ஐயா."

சின்னக் குரல். ஜன்னலில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது. பேச்சியிடம் போய், ரோடு வரைக்கும் கேட்டது என்று சொன்னேன்.